மன்னார்குடியின் தட்டு

இதை நான் சொன்னால் எங்கேயோ ஓர் இடத்தில் தப்பாகிவிடும் என்று பயமாக இருக்கிறது. ஆட்டத்திலிருந்து ஆரம்பித்தால் ஆட்டத்தைப் பற்றிய கதை என்று நினைத்துவிடுவீர்கள், தட்டிலிருந்து ஆரம்பித்தால் ஒரு தட்டுக்கு இவ்வளவு பேச்சா என்று எழுந்து போய்விடுவீர்கள். ஆறாம் வகுப்பில் பாதியில் நின்றவள் நான். எதை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் வைப்பது என்பதெல்லாம் அதற்கு மேலே உள்ள வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் போல. அதனால் நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன். என்னை நல்லவளாகக் காட்டுகிற மாதிரி எங்கேயாவது வந்தால் அந்த இடத்தில்தான் தப்பாகச் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் செவ்வூரணி. மிளகாய் மண்டிகளும் ஒரு பஞ்சாலையும் ஒரு பெண்கள் கல்லூரியும் உள்ள ஊர். கிழக்கே மதுரை ரோடு, மேற்கே தென்காசி ரோடு, வேறு வழி கிடையாது. கல்லூரியில் கூடைப்பந்துத் திடல் ஒன்று உண்டு, அதன் இரண்டு வளையங்களையும் பற்றவைத்துக் கொடுத்தது வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர். என் மகள் கோமதி அந்த அணியின் கேப்டன். அந்த வருஷம் மாநிலக் கோப்பைக்கான ஆட்டங்களில் இறுதி ஆட்டம் தவிர மற்றதெல்லாம் எங்கள் திடலில்தான் என்று முடிவானது. வாரம் ஒரு கல்லூரி வேனில் வந்து இறங்கும், எங்கள் பிள்ளைகளோடு ஆடும், தோற்கும். சும்மா தோற்பதில்லை, எண்பதுக்கு இருபது, தொண்ணூறுக்குப் பதினெட்டு என்று தோற்கும். எங்கள் பிள்ளைகள் கையை விட்டுப் பந்து போனால் அது கூடைக்குப் போகிற பந்துதான் என்று எதிர் அணிப் பிள்ளைகளே ஒதுங்கி நின்று அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார்கள். மண்டியை மூடிவிட்டு ஆண்கள் வந்தார்கள், மிளகாய் கிள்ளுகிற கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பெண்கள் வந்தார்கள், கைதட்டித் தட்டி எல்லோருடைய உள்ளங்கையும் சிவந்து கிடந்தது.

முதலில் தோற்றது திருச்சியிலிருந்து வந்த கல்லூரி. ஆட்டம் முடிந்து, குளித்து, எங்கள் ஊர் பொரித்த புரோட்டாவைச் சாப்பிட்டுவிட்டு அந்தப் பிள்ளைகள் வேனில் ஏறி மதுரை ரோட்டில் போனார்கள். பஞ்சாலையைத் தாண்டினார்கள், எடைமேடையைத் தாண்டினார்கள், புளியமரங்களைத் தாண்டினார்கள், தாண்டி நேராகவே போய் தென்காசி ரோட்டு வளைவு வழியாக எங்கள் ஊருக்குள் வந்து சேர்ந்தார்கள். டிரைவர் இறங்கி டயரைப் பார்த்தார். மறுபடி போனார்கள், மறுபடி வந்தார்கள். மேற்கே கிளம்பினால் கிழக்கே வந்தார்கள். பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வேனை ஓட்டிப் பார்த்தபோது அது ஒழுங்காக மதுரைக்குப் போய்ச் சேர்ந்தது. டிரைவர் அங்கிருந்து போன் பண்ணி, "வண்டில கோளாறு இல்ல சார், பிள்ளைங்க தோத்ததுதான் கோளாறு" என்றார்.

அதற்கு மேல் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. தோற்றவர்களை ஊர் விட மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான். பெற்றவர்கள் காரில் வந்து கூட்டிப் போய்ப் பார்த்தார்கள், கார் மறு பக்கத்து வளைவு வழியாக வந்து நின்றது. பெற்றவர்களும் எத்தனை நாள் லாட்ஜில் கிடப்பார்கள், வேலை வெட்டி இருக்கிறதல்லவா, மாற்றுத் துணிகளைக் கொடுத்துவிட்டு, அழுதுவிட்டு, வெறும் காரில் போனார்கள். தாலுகா ஆபீசிலிருந்து ஒருவர் வந்து இரண்டு ரோட்டையும் பார்த்து, ரோடு நல்ல நிலையில் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார். அடுத்த வாரம் நாகர்கோவில் தோற்று விடுதியில் தங்கியது, அதற்கடுத்த வாரம் சேலம், அதற்கடுத்த வாரம் மன்னார்குடி. விடுதி நிறைந்து வழிந்ததும் பி.டி. மிஸ் தெருத் தெருவாக வந்து, "நம்ம ஊர் பேர் கெட்டுடக் கூடாது, வீட்டுக்கு ஒரு பிள்ளையை விருந்தாளியா வச்சுக்கிடுங்க" என்று கேட்டார். நாங்கள் போட்டி போட்டுக்கொண்டு கூட்டி வந்தோம். அந்த நாளில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கம் பின்னால் வருகிறது.

எங்கள் வீட்டுக்கு வந்தவள் பேர் செங்கமலம். மன்னார்குடி அணியில் கோமதியைத் தடுத்து ஆடியவள், தடுக்க முடியாமல் தோற்றவள். மெல்லிய உடம்பு, நீண்ட கை, வந்ததும் வாசலில் செருப்பை ஜோடியாக வைத்தாள். கோமதியின் கட்டிலை அவளுக்குக் கொடுத்தோம், காற்றாடிக்கு நேர் கீழே. காலையில் பருத்திப்பால், மதியம் நாட்டுக்கோழி, சாயந்தரம் கருப்பட்டி மிட்டாய். சாப்பிட்டு எழுந்தவள் தட்டைக் கையிலெடுத்தபோது நான் பதறிப்போய் பிடுங்கினேன்.

"ஐயையோ, வை தாயி. விருந்தாளி தட்டை எடுத்தா வீட்டுக்கு ஆகுமா?"

"எங்க வீட்டுல நாந்தான் கழுவுவேன் அத்தை."

"அது உங்க வீடு. இங்க நீ விருந்தாளி."

எங்கள் பக்கத்தில் அது ஒரு கட்டுப்பாடு. விருந்தாளி சாப்பிட்ட தட்டை விருந்தாளி எடுக்கக் கூடாது, வீட்டுக்காரிதான் எடுக்க வேண்டும். சொந்தக்காரர்கள் எடுக்கலாம். யார் விருந்தாளி, யார் வீட்டு ஆள் என்பதை நாங்கள் தட்டை வைத்துத்தான் பிரிப்போம்.

மூன்றாவது வாரமோ என்னவோ, ஒரு மதியம் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. குடங்களோடு நான் ஓடினேன். திரும்பி வந்தபோது செங்கமலம் தன் தட்டைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். "ஐயையோ" என்றேன். மறுநாள் தண்ணீர் வரவில்லை, ஆனாலும் அவள் கழுவிவிட்டாள், கழுவி முடித்த பிறகு "ஐயையோ" என்றேன். அதற்கு மறுநாள் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் கோமதி பயிற்சிக்குப் போகிற அவசரத்தில் தன் தட்டை செங்கமலத்தின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள், இரண்டும் கழுவப்பட்டிருந்தன. அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் தட்டு, அதற்குப் பிறகு சோற்றுப் பானை, அதற்குப் பிறகு நான் அவளை விருந்தாளி என்று சொல்வதை விட்டுவிட்டு எங்க வீட்டுப் பிள்ளை என்று சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பெரிய மனசாகத் தெரிந்தது. தரையில் படுத்தால் முதுகு வலிக்கிறது என்று கோமதி சொல்லவில்லை, நான்தான் கோமதிக்காகச் சொன்னேன், செங்கமலம் முன்னறைக்குப் பாயைக் கொண்டுபோனாள். முன்னறையில் அவர் டி.வி. பார்ப்பார், அதனால் பாய் அடுப்படிக்குப் போனது. அடுப்படியில் காற்றாடி கிடையாது.

ஒரு மதியம் கோமதி தன் தட்டைத் தானே கழுவ உட்கார்ந்தாள். நான் தடுத்தேன்.

"விடு கோமதி. சபீனா போட்டுத் தேச்சா கை வெடிச்சிரும். பந்து பிடிக்கிற கை."

"அவ கையும் பந்து பிடிக்கிற கைதானம்மா."

"அவதான் தோத்துட்டாளே" என்றேன். செங்கமலம் அங்கேதான் இருந்தாள். அவள் தலை நிமிரவில்லை, கோமதிதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

எங்கள் வீட்டில் மட்டும் நடந்தது என்று நினைக்காதீர்கள். தெரு முழுக்க ஒரே மாதிரி, யாரும் யாரையும் கேட்டுச் செய்யவில்லை. பிள்ளைகளின் பேர்கள் கூட மறந்துபோய்விட்டன. பக்கத்து வீட்டுச் செல்லக்கனி சுவர் மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்பாள், "என்ன மதினி, உங்க மன்னார்குடி மாவு நல்லா ஆட்டுதா? எங்க நாகர்கோவிலுக்குத் தேங்கா திருகத்தான் தெரியுது, எல்லாக் குழம்புலயும் தேங்காயை அரைச்சு ஊத்திருது."

"எங்களுது பரவால்ல. கோலம் நல்லாப் போடுது."

"கொடுத்து வச்சவுக நீங்க. முக்கு வீட்டுல சேலம் ராத்திரியெல்லாம் அழுகுதாம், வீட்டுக்காரருக்குத் தூக்கம் கெட்டுப்போகுதுன்னு அவுக சேலத்தைக் குடுத்துட்டுத் திருச்சியை வாங்கிட்டாக."

சிரித்தோம். நானும் சிரித்தேன். காலையில் எங்கள் தெருவில் நின்று பார்த்தால் ஒவ்வொரு வாசலிலும் ஒரு நெடிய பெண் குனிந்து தெளித்துக்கொண்டிருப்பாள், நாங்கள் எல்லாம் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருப்போம். வாரத்துக்கு ஒரு அணி தோற்றது, தெருவுக்குத் தெரு வேலை குறைந்தது. ஆட்டம் பார்க்கப் போகும்போது இப்போது வேறு மாதிரி கைதட்டினோம். வருகிற வேனில் எத்தனை பேர் இறங்குகிறார்கள், யாருக்கு நல்ல உடம்பு என்று பார்த்தவர்கள் உண்டு. இந்த ஊர் தோற்றால்தான் அந்தப் பிள்ளைகளுக்கு வழி திறக்கும் என்று டீக்கடையில் யாரோ சொன்னார்கள். அப்படியானால் இனி வழி திறக்கவே திறக்காது என்று இன்னொருவர் சொன்னார், அதற்கும் சிரித்தார்கள்.

செங்கமலத்தின் அம்மா ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் பண்ணுவாள். செங்கமலம் அடுப்படியில் பாத்திரத்துக்கு நடுவில் உட்கார்ந்து, குழாயை மூடிவிட்டு, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பேசுவாள். "நல்லா இருக்கேம்மா. இங்க அத்தை என்னைத் தட்டைக்கூட எடுக்க விட மாட்டாங்க." வாராவாரம் அதே வார்த்தை. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பேன். என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறாளா, அவள் அம்மா வருத்தப்படக் கூடாது என்று சொல்கிறாளா, தெரியாது. ஒருமுறை போனை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கி, "கவலைப்படாதீங்க, எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி வச்சிருக்கோம்" என்றேன். அந்த அம்மா மறுமுனையில் அழுதுகொண்டே, "உங்க புள்ளகுட்டி நல்லா இருக்கணும்" என்றாள். அந்த வாழ்த்தை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய், தோசைக்கல்லையும் தேய்த்துவிடச் சொன்னேன்.

அப்புறம் இறுதி ஆட்டம் வந்தது. கோவைப் பக்கம், எதிர் அணியின் ஊரிலேயே என்று அறிவித்தார்கள். அதுவரை எங்களில் யாருக்கும் தோன்றாத ஒன்று அன்று ஒரே நேரத்தில் எல்லார் வீட்டிலும் தோன்றியது. அங்கே எங்கள் பிள்ளைகள் தோற்றால்?

அந்த வாரத்தைத்தான் சொல்லக் கூசுகிறது. ஊரே மறுபடி விருந்துபசாரத்தில் இறங்கியது. செல்லக்கனி நாகர்கோவிலுக்குச் சுடிதார் எடுத்தாள், தேங்காய் அரைத்த குழம்பை ருசி என்று சொல்லிச் சாப்பிட்டாள். முக்கு வீட்டில் திருச்சியின் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டார்கள். எல்லா வாசலிலும் வீட்டுக்காரிகளே கோலம் போட்டோம், கோலம் கோணலாக வந்தது, பழக்கம் விட்டுப்போயிருந்தது. நான் அடுப்படிப் பாயைச் சுருட்டி வைத்தேன். கட்டிலைத் துடைத்து, காற்றாடிக்கு நேர் கீழே இழுத்துப் போட்டு, செங்கமலத்தை உட்காரச் சொன்னேன். நாட்டுக்கோழி வைத்தேன். அவள் சாப்பிட்டு எழுந்ததும் தட்டைப் பிடுங்கினேன்.

அவள் தட்டை விடவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"பைனல் வெளியூர்லயா அத்தை?" என்று கேட்டாள். கோபமே இல்லை அந்தக் குரலில், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரி கேட்டாள். நான் ஆமாம் என்றேன். அவள் தட்டை விட்டுவிட்டாள்.

கோமதி கிளம்புகிற அன்று காலை அவளுக்குத் திருநீறு பூசிவிட்டு, "ஜெயிச்சிட்டு வந்துரு தாயி, எப்படியாச்சும் ஜெயிச்சிட்டு வந்துரு" என்றேன். கோப்பைக்காகச் சொல்லவில்லை. அது அவளுக்கும் தெரியும்.

"செங்கமலம் ஊருக்குப் போக என்ன வழின்னு உனக்குத் தெரியும்லம்மா?" என்றாள்.

"டீக்கடைப் பேச்சையெல்லாம் கேக்காத."

"உங்கிட்ட கேட்டேன்."

அவளுடைய தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தேன்.

ஆட்டத்தைச் செல்போனில் காட்டினார்கள், செல்லக்கனி வீட்டில் எல்லோரும் தலையோடு தலை ஒட்டிப் பார்த்தோம். விருந்தாளிப் பிள்ளைகள் சுவரோரம் நின்று பார்த்தார்கள். கடைசி நிமிஷத்தில் எங்கள் அணி ஒரு புள்ளி பின்னால் இருந்தது. கோமதியைத் தள்ளிவிட்டார்கள், அதற்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. யாரும் தடுக்க மாட்டார்கள், கோட்டில் நின்று நிதானமாகப் போட வேண்டியதுதான், அந்த வருஷம் முழுக்க அவள் அதில் ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை. அவள் இரண்டு கையையும் பனியனில் துடைத்துக்கொண்டாள். பாத்திரம் கழுவிவிட்டு வந்து போன் எடுக்கிறவள் துடைப்பது மாதிரி, முன்னும் பின்னுமாகத் திருப்பித் துடைத்தாள். முதல் பந்து வளையத்தைத் தொடவில்லை. இரண்டாவதும் தொடவில்லை.

சுவரோரம் நின்றவர்களில் ஒருத்தி மூச்சை விட்டாள்.

சாயந்தரமே கிளம்பிவிட்டார்கள். திருச்சியும் நாகர்கோவிலும் சேலமும் மன்னார்குடியும் மற்றவர்களும் கிடைத்த வேன்களில் ஏறினார்கள். செங்கமலம் செருப்பை மாட்டிக்கொண்டு, "வர்றேன் அத்தை" என்றாள், அந்தச் சொல்லை அப்படித்தான் சொல்ல வேண்டும் என்பதால் சொன்னாள். வேன்கள் மதுரை ரோட்டில் போனதும் நாங்கள் எல்லோரும், ஒருவரிடம் ஒருவர் சொல்லாமலே, தென்காசி ரோட்டு வளைவுக்கு நடந்து போய் நின்றோம். அந்தப் பக்கமாகத் திரும்பி வந்துவிடுவார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு லாரி வந்தது, ஒரு டவுன் பஸ் வந்தது, புல்லுக்கட்டோடு ஒரு சைக்கிள் வந்தது. இருட்டுகிறவரை அவர்கள் வரவில்லை. "நாளைக்கு மாவுக்கு ஊறப் போட்டிருந்தேன்" என்றாள் செல்லக்கனி, யாரிடம் என்றில்லாமல்.

எங்கள் பிள்ளைகளின் வேன் மறுநாள் இறுதி ஆட்டம் நடந்த ஊரிலிருந்து புறப்பட்டு அந்த ஊருக்கே போய்ச் சேர்ந்தது. இவரும் மற்ற அப்பாமார்களும் காரில் போய்க் கூட்டிவரப் பார்த்து, பிள்ளைகளை விட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள். வீட்டுக்கு ஒரு பிள்ளையாக நல்ல குடும்பங்களில் தங்க வைத்திருக்கிறார்கள் என்றார் இவர். அப்படிச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் பட்டறைக்குப் போய்விட்டார்.

முதல் வாரம் கோமதி போனில் நிறையப் பேசினாள், பணியாரம், இளநீர், மலை தெரிகிற ஜன்னல் என்று. இரண்டாவது வாரமும் பேசினாள். நாலாவது வாரம் நான் ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் பண்ணினேன். நெடு நேரம் அடித்த பிறகு எடுத்தாள். பின்னால் குழாயிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, பிறகு அது நின்றது.

"நல்லா இருக்கேம்மா" என்றாள். "இங்க ஆன்ட்டி என்னைத் தட்டைக்கூட எடுக்க விட மாட்டாங்க."

அந்த வீட்டு அம்மா போனை வாங்கினாள். "உங்க பொண்ணுங்களா? நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க கண்ணு. எங்க ஊட்டுப் புள்ளயாட்டத்தான் வெச்சிருக்கோமுங்க."

நான் அவளைத் திட்டியிருக்கலாம். நன்றி என்றேன். உங்கள் பிள்ளைகுட்டி நல்லா இருக்கணும் என்றுகூடச் சொன்னேன், சொல்லாவிட்டால் கோமதிக்கு ஏதாவது செய்துவிடுவாளோ என்ற பயத்தில்.

அந்த ஊர் தோற்கிறவரை கோமதி வர முடியாது. அந்த ஊர் இப்போதுதான் ஜெயிக்க ஆரம்பித்திருக்கிறது. எல்லாச் சாமிக்கும் காசு முடிந்து வைத்துவிட்டேன், எந்தச் சாமியிடம் போய் நின்றாலும் அது என் கையைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. கடைசியில் நான் செய்தது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் ஏறி மன்னார்குடிக்குப் போனேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தபோது மதியமாகிவிட்டது. செங்கமலத்தின் அம்மா என்னைக் கண்டதும் ஓடி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "வாங்கக்கா, வாங்க. வர்றதா சொல்லியிருந்தா இலை வாங்கியிருப்பேனே. தட்டுல போடறேன், தப்பா நெனச்சுக்காதீங்க" என்றாள். என்னை உட்கார வைத்து விசிறினாள். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "இவங்கதான், நான் சொல்லல? எம் புள்ளயை ஒரு தட்டைக்கூட எடுக்க விடலையாம்" என்றாள். செங்கமலம் உள் நிலைப்படியில் சாய்ந்து நின்று நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டு எழுந்து தட்டை நானே எடுத்தேன். அந்த அம்மா பதறிப்போய் பிடுங்க வந்தாள். "ஐயோ, வையுங்கக்கா, இது என்ன வழக்கம்? விருந்தாளி போய்..."

"விடும்மா" என்றாள் செங்கமலம். "அத்தை கழுவட்டும்."

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. மகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நீட்டிய கையை மெல்ல இறக்கினாள். நான் பின்கட்டுக்குப் போய்க் குழாயடியில் உட்கார்ந்தேன். தேங்காய் நாரில் சாம்பலைத் தொட்டு, என் மகள் கைக்கு வந்த வேலை என் கைக்கு வந்துவிட்டால் அவள் கையை விட்டுப் போய்விடும் என்று ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு தேய்த்தேன். பாவத்துக்காக வருந்தி வந்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பயத்தில்தான் வந்தேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. செங்கமலம் தன் தட்டைக் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டையும் கழுவிக் கவிழ்த்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போனேன். இப்போது அந்த வீட்டில் சோற்றுப் பானையையும் எனக்காகக் குழாயடியில் வைத்துவிடுகிறார்கள்.